பதினோராவது வளையம்

டங் என்ற சத்தம் கேட்ட பிறகுதான் என் கை என்ன செய்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் வளையம் சிவப்புப் பெட்டிக்குள் போயிருந்தது.

முதலில் சிவப்புப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறையில், கார் கம்பெனிகளுக்குப் போகிற சின்னச் சின்ன இரும்பு, பித்தளைச் சாமான்களில் லேசர் மெஷினால் நம்பர் அடித்துக் கொடுக்கிறோம். ஓர் எழுத்து மங்கலாக விழுந்தாலும் அந்தப் பீஸ் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனது மேஜையில் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது, நல்லதோடு கலந்துவிடும். அதற்காக மெஷினுக்குப் பக்கத்திலேயே சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி. மேலே வாய், பக்கவாட்டில் பூட்டு. கோயில் உண்டியல் மாதிரிதான், போட்டால் போட்டதுதான். சாவி ஓனர் நம்பிராஜன் சாரிடம் இருக்கும். சனிக்கிழமை ஸ்க்ராப் வண்டி வருவதற்கு முன்னால் திறக்கவேண்டுமென்றால் என்ன விழுந்தது, யார் போட்டது, ஏன் போட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வருடமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது என் இடது கை அந்த வாய்க்குள் எதையாவது போட்டுக்கொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் அது என்னைக் கேட்பதே இல்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை மெஷினில் இருந்தது கார் சாமான் இல்லை. ‘ஏழிசை அவார்ட்ஸ்’ என்று வருடா வருடம் டிவியில் வருமே, பாட்டுக்காரர்களுக்குப் பரிசு கொடுக்கிற ஷோ, அதன் பெரிய பரிசுக்கான வளையம். அந்தச் சேனலுக்கு மேடை போடுகிறவர் நம்பிராஜன் சாருக்கு ஊர்க்காரர், அம்பாசமுத்திரம். அப்படித்தான் அந்த வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. மற்ற பரிசுகளெல்லாம் கண்ணாடிக் கட்டைகள், சென்னையிலேயே செய்துகொள்வார்கள். ‘ஆண்டின் குரல்’ மட்டும் பித்தளைக் கோப்பை. அதன் காம்பில் வருடத்துக்கு ஒரு வளையம், கை வளையல் அளவில், ஏறும். ஜெயித்தவர் பெயரும் வருடமும் அதில் இருக்கும். ஒவ்வொரு வருடமும் கோப்பை ஒரு விரல் உயரும்.

அதன் சரித்திரம் எனக்கு அத்துப்படி. முதல் வளையம் 2015, ஜீவானந்தம். கச்சேரிப் பாடகர், பரிசு வாங்கும்போது தூக்க முடியாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்களாம். நான்காவதில் கோபால், ரத்னா என்று இரண்டு பெயர். பாதிப் பரிசு வேண்டாம் என்று இரண்டு பேருமே கோப்பையை மேடையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஆறாவதில் பெயரே இல்லை, 2020 என்று வெறும் வருடம். ஐந்தும் ஒன்பதும் சிவசங்கர். மூன்றாவது வளையம் மட்டும் மற்றவற்றைவிட வெளுப்பாக இருக்கும், வேறு பித்தளை. ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன். “அது பழைய கத, ஒனக்கு எதுக்கு?” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பெயர் மேடையில் அறிவிக்கும்வரை வெளியே தெரியக் கூடாது, கோப்பையில் ஏற்றிய புது வளையத்தின் மேல் அதுவரை ரிப்பன் சுற்றியிருக்கும். பட்டறையில் எனக்கும் சாருக்கும் மட்டும்தான் தெரியும். அதற்காக நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போனை வெளியே வைத்துவிட வேண்டும். எல்லா நாளும் போல வளையல், மோதிரத்தைக் கழற்றி நீலத் தட்டில் போட்டுவிட்டுத்தான் லேசர் அறைக்குள் நுழைய வேண்டும். முதலில் ஒரு வெறும் வளையத்தில் ட்ரையல் அடிப்பேன், அப்புறம் அசல். ட்ரையல் வளையத்தை சார் கண் முன்னால் பிரஸ்ஸில் வைத்து அப்பளமாக நசுக்க வேண்டும். ஐந்து வருடமாக அப்படித்தான் நடந்தது.

அன்றைக்குச் சேனலிலிருந்து வந்த கவரைப் பிரித்துப் பெயரைப் பார்த்தேன். அறிவுமதி. வல்லம் வடகாலுக்குப் பக்கத்து ஊர்ப் பெண். நான் முன்பு ஒரு போன் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தபோது, எட்டு மாதம் அவளும் நானும் ஒரே கம்பெனி கேப் வண்டியில் போய்வந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடிக்குச் சொல்வதுபோல மெதுவாகப் பாடுவாள். டிரைவர் ரேடியோவை நிறுத்திவிடுவார். இப்போது அவள் பாட்டு ஓடாத கம்பெனி பஸ் இந்த ரோட்டில் கிடையாது. பத்து வளையத்தில் இந்தப் பக்கத்துப் பெயர் ஒன்றுகூட இல்லை. பதினோராவதில் எங்கள் அசெம்ப்ளி லைனில் நின்ற ஒரு பெண். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ட்ரையல் அடித்தேன். எழுத்து ஓர் இழை இடதுபக்கம் தள்ளி விழுந்திருந்தது. சரியில்லை என்று கண் சொன்னது, கை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டது.

அந்த நேரம் பார்த்து சார் போன் பேச வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது அசல் முடிந்து பளபளவென்று மேஜையில் இருந்தது.

“ட்ரையல் பீஸ் எங்கம்மா?”

“நசுக்கிட்டேன் சார்.”

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. “நான் வாறதுக்குள்ளயேவா?” என்றார். “நீங்க போன் பேசிகினு இருந்தீங்க” என்றேன். தலையை ஆட்டிவிட்டு அசலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவர் என்னை நம்பியதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ‘சார், கைத்தப்பா பெட்டியில் போட்டுட்டேன்’ என்றால் திட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்திருப்பார். ஆனால் எனக்கு முப்பத்துநாலு வயது. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் பெண்களை இருபத்தெட்டுக்கு மேல் லைனில் எடுக்க மாட்டார்கள். போன் கம்பெனியில் என் கான்ட்ராக்ட் முடிந்த பிறகு ஒன்றரை வருடம் ஒவ்வொரு கேட்டாக நின்று, வயதைக் கேட்டதும் திரும்பி வந்தவள் நான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்து என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது இந்த ஒரு பட்டறைதான். பொய் சொன்ன பிறகு உண்மையைச் சொல்ல இன்னும் பயம். வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். என் வீட்டுக்காரர் ரகு, “இன்னா மூஞ்சி இப்டி கீது?” என்று கேட்டபோது தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஸ்க்ராப் வண்டி வரும் என்பது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் ஏதாவது நடக்கும், வண்டி வராது, மழை பெய்யும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி சரியாக வந்தது. சார் சாவியைக் கொடுக்க, பெட்டியைக் கவிழ்த்துச் சாக்கில் கொட்டினார்கள். பித்தளையும் இரும்பும் சேர்ந்து சரிகிற சத்தத்தில் எது என் வளையம் என்று எப்படித் தெரியும்? சாக்கின் வாயைக் கட்டித் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டி வாலாஜாபாத் ரோட்டில் திரும்பியது. நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரகு காலை ஷிஃப்டுக்குப் போனதும் ஷேர் ஆட்டோ பிடித்து அந்த ஸ்க்ராப் யார்டுக்குப் போனேன். தகரத் தடுப்புக்குள் மலை மலையாகக் குவியல். நடுவில் ஒரு பெண் உட்கார்ந்து பித்தளையைத் தனியாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் ஒரு காந்தம். நாற்பத்தைந்து வயதிருக்கும், குச்சி மாதிரி உடம்பு. பெயர் சின்னப்பொண்ணு என்று அப்புறம் சொன்னாள்.

“இன்னாமே தேடினு கீற?”

“அக்கா, எங்க பட்டறைலர்ந்து நேத்து வந்த சாக்குல ஒரு பித்தள வளையம்…”

சொல்லும்போதே பார்த்துவிட்டேன். காந்தம் பிடித்திருந்த கையில், கண்ணாடி வளையல்களுக்கு நடுவே அது இருந்தது. ‘ஆண்டின் குரல் 2025 அறிவுமதி’ என்று வெளிப்பக்கம் பார்த்து, வெயிலில் நன்றாகப் படிக்கிற மாதிரி இருந்தது. ஊருக்கே தெரியக் கூடாத பெயர் ஒரு நாள் முழுக்க அந்தக் கையில் குவியலைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறது.

“இதுவா? நல்லா கீதேன்னு மாட்டிக்கினேன். யார் இந்த அறிவுமதி? உம் பொண்ணா?”

“ஆமாக்கா” என்றேன். பொய் இப்போது தானாகவே வந்தது.

“அதான பார்த்தேன். புள்ள பேர யார்னா குப்பையில போடுவாங்களா?” அவள் வளையத்தை உருவினாள். அவ்வளவு மெலிந்த கை, சோப்பு எண்ணெய் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சும்மா வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. என் கவரிங் வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றாள், அப்புறம் வாங்கி மாட்டிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கிளம்பத் திரும்பியபோது சொன்னாள். “எம் பொண்ணு ரஞ்சனி நேத்தே போட்டா எட்த்துட்டா. ஸ்டேட்டஸ்ல கூட வச்சிகீறேன், பாரு.”

போனை நீட்டினாள். அவள் கை, வளையம், பெயர், வருடம். கீழே ‘அம்மாவின் புது வளையல்’ என்று எழுதி இரண்டு சிவப்பு இதயம். நாற்பத்துமூன்று பேர் பார்த்திருந்தார்கள். அழித்துவிடுங்கள் அக்கா, பெண் பிள்ளை பெயர், கண்ணு படும் என்று கெஞ்சினேன். அதைச் சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது, உடனே அழித்தாள். நாற்பத்துமூன்று பேர் கண்ணிலிருந்து எப்படி அழிப்பது?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். குழவிக்கல்லை எடுத்து இரண்டு போடு போட்டுப் பார்த்தேன். தரைதான் பெயர்ந்தது, வளையம் நசுங்கவில்லை. அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். ஒவ்வொரு தடவை போன் அதிரும்போதும் எழுந்து நின்றேன். கேஸ் கம்பெனி மெசேஜ், ஓவர்டைம், ராத்திரிதான் வருவேன் என்று ரகுவின் மெசேஜ், ஏதோ லோன் கொடுக்கிறேன் என்கிறவனின் மெசேஜ். சாரிடமிருந்து ஒன்றும் இல்லை. மதியம் மூன்று மணிக்கு மேல்தான் கொஞ்சம் தைரியம் வந்தது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு ஸ்க்ராப் யார்டு அம்மாவின் ஸ்டேட்டஸை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

ஐந்து மணிக்கு ஷோ. இந்த வருடம் பெங்களூர் ரோட்டிலேயே, ஸ்ரீபெரும்புதூருக்கு இந்தப் பக்கம் ஒரு மைதானத்தில் செட் போட்டு, நேரடி ஒளிபரப்பு. டிவி முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மேடையில் பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் ரகசியம் என்று ஒன்று இல்லை. அந்த நிமிடத்திலிருந்து இது வெறும் பித்தளை வளையல், யார் கையில் இருந்தால் என்ன? அந்த ஆசையில் டிரம்மிலிருந்து எடுத்துத் துடைத்தேன். பெயரைத் தடவிப் பார்த்தேன். கேப் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அறிவுமதியின் பின்கழுத்து ஞாபகம் வந்தது. சரி, அவள் பரிசு வாங்கும்போது நானும் இதைப் போட்டுக்கொண்டிருக்கலாமே என்று தோன்றியது. என் கை சின்னப்பொண்ணு கை இல்லை. கட்டைவிரலை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளித்தான் வலது கையில் ஏற்றினேன்.

ஏழு மணி வாக்கில் கோப்பையைக் கொண்டுவந்து மேடையில் வைத்தார்கள். கேமரா கிட்டே போனது. நான் பழக்கத்தில் கீழிருந்து எண்ணினேன். வெளுத்த மூன்றாவது, இரண்டு பேர் இருக்கும் நான்காவது, பெயரில்லாத ஆறாவது. ஒன்பது. பத்து.

பத்துதான் இருந்தது, ரிப்பன் சுற்றிய வளையம் இல்லை.

மறுபடி எண்ணுவதற்குள் கேமரா விலகிவிட்டது. கூட்டத்தில் முன்வரிசையில் அறிவுமதி நீலப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். கவரைப் பிரித்த நடிகர் ஒரு நொடி தயங்கியதுபோல் எனக்குப் பட்டது. “ஆண்டின் குரல், மூன்றாவது முறையாக, சிவசங்கர்!” பட்டாசு வெடித்தது. தங்கக் காகிதங்கள் பறந்தன. அறிவுமதி எழுந்து நின்று கைதட்டினாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். எதற்காகத் தட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் வீதியில் டிவி பார்த்தவர்களில் எனக்குத்தான் தெரியும்.

போன் அடித்தது. நம்பிராஜன் சார்.

“சசிரேகா, பாத்தியாம்மா?”

“பார்த்தேன் சார். இன்னா சார் இது?”

“பேரு நேத்தே வெளிய போயிட்டாம். யாரோ போட்டா எடுத்து, அது கைமாறி கைமாறி சேனல்காரனுவகிட்டயே வந்துருக்கு. லீக்காயிட்டுன்னு சொல்லி மத்தியானம் ஆளயே மாத்திட்டானுவ. அதுதான் காரணமோ, இல்ல அத சாக்கா வச்சு வேண்டியவனுக்குக் குடுத்தானுவளோ, நமக்குத் தெரியாது, வேண்டாம். இப்ப புதுசா ஒண்ணு அடிக்கணும். சேனல்காரரு கப்ப எடுத்துட்டு பட்டறைக்கு வந்துகிட்டிருக்காரு. ஒனக்கு வண்டி அனுப்பிட்டேன்.”

“இன்னா போட்டா சார்?” என்று கேட்டேன்.

“ஒரு பொம்பள கையி. வளையலா போட்டிருக்காளாம். அந்தக் கைய கண்டுபிடிக்கணுங்காரு. போட்டாவையும் கொண்டாறாரு.” கொஞ்சம் நிறுத்தினார். “ஏம்மா, அன்னைக்கு நீ நசுக்குனேல்லா?”

“நசுக்கிட்டேன் சார்.”

போனை வைத்துவிட்டு வளையத்தைக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. பயத்தில் கை வேர்த்து வீங்கிவிட்டதோ என்னவோ, கட்டைவிரல் எலும்பைத் தாண்ட மாட்டேன் என்றது. சோப்புப் போட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டு இழுத்தேன். தோல் வழன்று எரிந்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்து முழங்கைவரை ஊற்றிக்கொண்டேன். இழுக்க இழுக்க வளையம் சுற்றியதே தவிர இறங்கவில்லை. வெளியே வண்டி ஹாரன் அடித்தது. இரண்டாவது முறையும் அடித்தது. துப்பட்டாவை எடுத்து வலது கையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு போய் ஏறினேன்.

வழி நெடுக என்ன சொல்வது என்று யோசித்தேன். அந்தக் கை என்னுடையது இல்லை, அது சத்தியம். அப்படியென்றால் யாருடையது என்று கேட்பார்கள். சின்னப்பொண்ணு பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் நாளைக்கு யார்டில் அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்காது. சொல்லாவிட்டால் எனக்கு இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, அறிவுமதியின் பரிசு போனதற்கு நான்தான் காரணமா என்று எனக்கே தெரியவில்லை. ஆமாம் என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பட்டறையில் லேசர் அறை வாசலில் மட்டும் விளக்கு எரிந்தது. மேஜை மேல் கோப்பை இருந்தது. டிவியில் பார்த்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் மூன்றாவது வளையம் மட்டும் தனியாக வெளுத்துக் கிடந்தது. அது ஏன் வேறு பித்தளை என்று இத்தனை வருடம் கழித்து, கேட்காமலே எனக்குப் புரிந்தது. அந்த வருடமும் கடைசி நேரத்தில் பெயர் மாறியிருக்கும், ஒருவர் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

கோப்பைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்து போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் கண்ணாடி வளையல்கள் தெரிந்தன. நான் உள்ளே வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் இடது கையைப் பார்த்தார்.

“வந்துட்டியாம்மா, நல்லது. நேரமில்ல, சட்டுன்னு அடிச்சிரு” என்றார் நம்பிராஜன் சார். மெஷினில் புது வளையம் ஏற்கெனவே மாட்டியிருந்தது. பெயரில்லாமல் மினுங்கியது. நான் வாசலிலேயே நின்றேன். ஐந்து வருடமாகத் தினமும் செய்கிறதுபோல், யோசிக்காமல், சார் ஆணியில் தொங்கிய நீலத் தட்டை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“வளையல கழட்டிப் போடும்மா.”

இடது கை வெறுமையாக இருந்தது. அதைக் காட்டினேன். சார் தட்டை விலக்கவில்லை, இன்னொரு கைக்காகக் காத்திருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் போனை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். துப்பட்டாவுக்குள்ளிருந்து என் விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அதிலிருந்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் திரண்டு, தொங்கி, நீலத் தட்டின் நடுவில் விழுந்தது.